எண்ணெய் ஊறிய நிலமும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீர் செம்மண்ணினூடே இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. வலிகாமத்து வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் அப்படையிலிருந்து இறைக்கப்படும் நீரைக் கொண்டே விளைகின்றன; குடும்பங்களிற் பெரும்பாலானவை குடிப்பதும் அந்நீரையே. ஆகவே கிணறு கெட்டாற் கமமும் கெடும், குடியும் கெடும் என்பதைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எடுத்துரைக்க வேண்டியது வேறொன்று. எண்ணெயாற் கெட்ட கிணற்றை மூடுவது வேறு. எண்ணெயாற் கெட்ட நிலத்தைத் துப்புரவு செய்வது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்து முடித்ததாக எண்ணுவதே இவ்விஷயத்தில் நேரும் பெரும் பிழையாகும்.

இதற்குச் சுன்னாகத்தில் நடந்ததே தக்க உதாரணம். அவ்வூரில் எண்ணெயால் இயங்கும் மின்னுற்பத்தி நிலையங்கள் நெடுங்காலம் நடந்து வந்தன. இலங்கை மின்சார சபையாரும் தனியார் நிறுவனத்தாரும் அங்கே இயந்திரங்களை ஓட்டினர். 2014 ஆம் ஆண்டளவில், சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய் வாடையும் படலமும் காணப்படுகின்றன என்ற முறைப்பாடு வலுத்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையார் நீரைப் பரிசோதித்து, பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் தகுந்த அளவுக்கு மேல் இருப்பதாக அறிவித்தனர். வீட்டு வாசல்களுக்குக் குடிநீர் தாங்கி வண்டிகளில் வந்தது. 2015 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கொன்று தொடரப்பட்டது. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவைச் செலுத்த வேண்டும் என்னும் நியாயத்தை ஏற்று, மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது.

அத்தீர்ப்புப் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. கிணற்றுச் சொந்தக்காரன் தனியே நின்று பெருநிறுவனத்தோடு வழக்காட முடியாது என்ற நிலையை அது மாற்றிற்று. ஆயினும், நட்டஈடு என்பது இழந்ததற்கு ஈடேயன்றிக் கெட்டதைத் திருத்தும் வேலை அன்று. பணம் கைமாறியதனால் மண்ணிற் பதிந்த எண்ணெயில் ஒரு துளியேனும் குறைவதில்லை. தாங்கி வண்டி வந்ததனால் நிலத்தின் கீழ் நீர் தெளிவதுமில்லை. இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், நிலத்தில் விழுந்த எண்ணெய் என்ன ஆகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தாங்கியிலிருந்தோ குழாயிலிருந்தோ கழிவுக் குழியிலிருந்தோ கசியும் எண்ணெய், முதலில் மண்ணின் இடைவெளிகளினூடே கீழ்நோக்கி இறங்கும். வழியில் உள்ள மண்மணிகள் ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சியது நிலக்கீழ் நீரின் மட்டத்தை அடைந்ததும், நீரினும் இலேசானதாகையால், அதன்மேல் மிதந்து பரவும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது எண்ணெயும் உயரும். கோடையில் தாழும்போது அதுவும் தாழும். இவ்வாறு ஏறி இறங்குவதால், முன்பு எண்ணெய் படாத மண்ணும் கல்லும் ஆண்டுதோறும் பூசப்படுகின்றன. மிதக்கும் எண்ணெயிலும் மண்ணிற் பிடிபட்ட எண்ணெயிலும் இருந்து சிறிது சிறிதாக நீரிற் கரைவதே கிணறுகளை நோக்கிச் செல்கின்றது. எனவே கிணற்றில் தோன்றும் மாசு நோயன்று, நோயின் குறி. நோய் எண்ணெய் சிந்திய வளவின் மண்ணில் இருக்கின்றது.

நீரை இறைத்து ஊற்றிவிட்டாற் போதும் என்பார் பலர். கணக்கிட்டுப் பார்த்தால் அது போதாதென்பது விளங்கும். 1,000 லீற்றர் டீசல் ஏறக்குறைய 840 கிலோகிராம் நிறையுள்ளது. ஒரு லீற்றர் நீரில் அதிலிருந்து ஐந்து மில்லிகிராம் அளவே கரையும் என்று கொண்டால், அவ்வளவையும் நீரோடு வெளியேற்றுவதற்கு 16 கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீரை இறைத்தல் வேண்டும். ஐந்து சிறு பீப்பாய் எண்ணெய்க்கே இவ்வளவு நீர் வேண்டுமாயின், ஆண்டுக்கணக்காகச் சிந்தியதற்கு எவ்வளவு வேண்டுமென்பதை ஊகித்துக்கொள்ளலாம். பெற்றோலோ வேறொரு வகையிற் கொடியது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் பென்சீன் இருத்தலாகாது என்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் கொண்ட பெற்றோல் ஒரு லீற்றரில் உள்ள பென்சீன் முழுவதும் நீரிற் கலந்தால், 8 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் அவ்வெல்லையை எட்டிவிடும்.

குடாநாட்டில் இறைத்துத் தீர்க்கும் வழி பயனற்றது மாத்திரமன்று, தீங்குமாம். கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும் என்பது கரையோரத்துக் கமக்காரர் பட்டறிந்தது. அதுபோலவே, மாசுபட்ட வளவுக்கு அருகேயுள்ள கிணற்றை அளவின்றி இறைத்தால், தொலைவில் நிற்கும் எண்ணெய் அக்கிணற்றை நோக்கி இழுக்கப்படும். சேறெடுத்துக் குளோரின் தூள் இடுவது நோய்க்கிருமிகளைக் கொல்லும், எண்ணெயை நீக்காது. கொதிக்க வைத்தாலும் கனமான எண்ணெய் நீங்குவதில்லை. கிணற்று மேற்பரப்பிற் படலத்தைக் கண்டவுடன் அஞ்சுவதும் தகாது. இரும்புச் சத்து மிக்க நீரிலும் நிறம் காட்டும் ஏடு படிவதுண்டு. ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பார்த்தால், இரும்பு ஏடு ஓட்டுத் துண்டுகள் போல் உடைந்து பிரிந்து நிற்கும். எண்ணெய்ப் படலமோ உடனே மீண்டும் ஒன்றுகூடிவிடும். ஐயம் இருப்பின் பரிசோதனைசாலையே முடிவு கூற வேண்டும்.

அங்ஙனமாயின் துப்புரவு என்பது யாது? அது வரிசை தவறாமற் செய்ய வேண்டிய வேலை. கசிவை நிறுத்துதல் முதலாவது. ஓட்டைத் தாங்கியை வைத்துக்கொண்டு மண்ணைக் கழுவுவது, ஓட்டைப் பட்டையால் நீர் இறைப்பது போலாகும். இரண்டாவது, எண்ணெய் ஊறிய மேல்மண்ணை அகழ்ந்து எடுத்தல். பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் ஆழம் கொண்ட சிறு பகுதியிலேயே 200 கன மீற்றர் மண், அதாவது 300 தொன்னுக்கு மேல், இருக்கும். அதனை அயலூர்ப் பள்ளத்திற் கொட்டினால் மாசு இடம் மாறுமேயன்றி ஒழியாது. மூன்றாவது, நீரின்மேல் மிதக்கும் எண்ணெயை அதற்கென்று தோண்டிய துளைகளிலிருந்து அள்ளியோ உறிஞ்சியோ எடுத்தல். நான்காவது, மண்ணிற் பிடிபட்டதைப் போக்குதல். பெற்றோல் ஆவியாகும் தன்மையுடையதாதலின், மண்ணினூடே காற்றை இழுத்து அதை வெளியேற்றலாம். டீசலும் உலை எண்ணெயும் எளிதில் ஆவியாகமாட்டா. அவற்றுக்கு நுண்ணுயிர்களின் துணை வேண்டும். கரைந்த மாசை நீரிலிருந்து நீக்குதல் இறுதியானது. நுண்துளைகள் நிறைந்த, இதற்கென்றே பதப்படுத்திய கரியினூடே நீரைச் செலுத்தி அதனைச் செய்வர்.

இவற்றுள் நுண்ணுயிர் முறை கமக்காரருக்குப் புதியதன்று. எருக்குவியல் மக்குவது எவ்வாறோ அவ்வாறே இதுவும் நிகழ்கின்றது. மண்ணில் இயல்பாக வாழும் சில உயிர்கள் எண்ணெயை உணவாகக் கொள்ளும். எண்ணெயிற் கரிச்சத்து மிகுதி, நைதரசன் இல்லையென்றே சொல்லலாம். ஆகையால் எண்ணெய் படிந்த தோட்டத்தில் அவ்வுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளித்து நிற்கும். அகழ்ந்த மண்ணை நீர் கசியாத தளத்தில் மெல்லிய படையாகப் பரப்பி, ஈரம் காத்து, அடிக்கடி கொத்திக் காற்றோட்டம் கொடுத்து, கரிச்சத்து நூறு பங்குக்கு நைதரசன் பத்தும் பொசுபரசு ஒன்றும் என்னும் அளவிற் பசளை இட்டால், டீசல் போன்றவை மாதக்கணக்கிற் குறைந்துவிடும். கனமான உலை எண்ணெயும் பழைய கழிவெண்ணெயும் இதற்கு எளிதில் இணங்கமாட்டா. அவை கிடந்த மண்ணைத் தக்க உலையில் எரித்தோ காவலுள்ள குழியில் இட்டோ அடக்க வேண்டி வரும்.

இயற்கையே இவ்வேலையைச் செய்துவிடாதா என்று கேட்பவர் உண்டு. செலவுக்கு அஞ்சும் நிறுவனத்தாருக்கு இக்கேள்வி மிகவும் விருப்பமானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பெமிட்ஜி என்னும் ஊரருகே 1979 ஆம் ஆண்டில் எண்ணெய்க் குழாய் வெடித்து, ஏறக்குறைய 17 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் சிந்திற்று. பெரும்பகுதி மீட்கப்பட்ட பின்னும் 4 இலட்சம் லீற்றர் அளவில் நிலத்திலே தங்கிவிட்டது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1983 ஆம் ஆண்டு முதல் அவ்விடத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, மண்ணுயிர்கள் கரைந்த எண்ணெயை உண்டு அது வெகு தூரம் பரவாமற் தடுப்பதைக் கண்டனர். ஆயினும் நாற்பது ஆண்டு கழிந்தும் அங்கே எண்ணெய் முற்றாகத் தீரவில்லை. அதுவும் மணற்பாங்கான நிலம். நீர் மெல்லச் செல்லும். அருகில் நெருக்கமான குடியிருப்பில்லை. வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலோ நீர் வாய்க்காலிற் செல்வதுபோல் விரைந்து செல்லக்கூடும். ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு உண்டு. ஆகவே இயற்கையை நம்பலாம். ஆனால் எண்ணெயில் எடுக்கக்கூடிய யாவற்றையும் எடுத்த பின்னரே, அதுவும் இடைவிடாத பரிசோதனையுடனேயே, நம்பலாம்.

தாமதத்தின் விலையை இன்னொரு நகரத்தின் வரலாறு காட்டும். கலிபோர்னியாவிலுள்ள சாந்தா மொனிக்கா நகரத்தார், பெற்றோலில் அந்நாளிற் கலக்கப்பட்ட ஒரு சேர்மானம் தங்கள் கிணறுகளிற் புகுந்ததை அறிந்து, 1996 ஆம் ஆண்டில் நகரத்துக் குடிநீரிற் பாதியளவைத் தந்துவந்த கிணறுகளை மூடினர். எரிபொருள் நிரப்பு நிலையங்களின் நிலக்கீழ்த் தாங்கிகளும் குழாய்களுமே அதற்குக் காரணம். எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து பெருந்தொகை பெற்று, கரிவடிகள் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் அமைத்து, முக்கியமான கிணறுகளை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியது 2010 ஆம் ஆண்டிலேயாகும். செல்வமும் கருவிகளும் நிறைந்த நகரத்துக்கே பதினான்கு ஆண்டுகள் சென்றன. தாங்கி ஓட்டையான நாளிலேயே அதைக் கண்டிருந்தால், ஒரு வளவின் மண்ணோடு அவ்வேலை முடிந்திருக்கும்.

இனி, சுன்னாகத்திலிருந்து கற்க வேண்டிய மிகவும் முக்கியமான பாடம் ஒன்றுண்டு. நீர் வழங்கற் சபையார் கிணறுகளில் எண்ணெய் உண்டென்று அறிவித்திருக்க, வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு அதற்கு மாறான முடிவைக் கூறிற்று. ஒரு பரிசோதனை எண்ணெய், கிறீசு அனைத்தையும் ஒருங்கே அளக்கும்; மற்றொன்று பென்சீன் முதலிய குறித்த பொருள்களை மாத்திரம் தேடும். மாரியில் எடுத்த நீரும் கோடையில் எடுத்த நீரும் ஒன்றாகா. எனவே இரு அறிக்கைகள் முரண்படுவது வியப்பன்று. அன்றியும், பல நிலையத்தார் பல காலங்களில் எண்ணெய் புழங்கிய இடத்தில், இவ்வெண்ணெய் எவருடையது என்ற வாதமும் எழுந்தே தீரும். இம்முரணுக்கிடையே மக்கள் எந்நீரைக் குடிப்பதென்று அறியாது தடுமாறினர். நிலையம் வந்த நாளிலேயே அயற்கிணறுகளின் நீர் பரிசோதிக்கப்பட்டு, அதன் முடிவு ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருந்தால், முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆயிற்று என்பதை ஒரு பார்வையில் அறிந்திருக்கலாம். இல்லாத அவ்வொரு கொப்பிக்கு ஈடாக ஆண்டுக்கணக்கான வழக்கும் மன வேதனையும் நேர்ந்தன.

ஆதலால் எண்ணெய் புழங்கும் இடங்களுக்கு அருகேயுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் கிணற்றுக் கொப்பி ஒன்று இருத்தல் வேண்டும். மின்னிலையம் மாத்திரமன்று; எரிபொருள் நிரப்பு நிலையம், வாகனம் திருத்துமிடம், பேருந்துச் சாலை, பெரிய அரிசி ஆலை ஆகியவையும் இதில் அடங்கும். அவற்றைச் சூழ்ந்த சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிவில் ஒன்றும் கோடை முடிவில் ஒன்றுமாக, நீர் எடுத்து அனுப்பி, முடிவையும் நீர்மட்டத்தின் ஆழத்தையும் திகதியோடு பதிதல் வேண்டும். நீரைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்தலும், குளிர்ச்சியாக வைத்துத் தாமதமின்றிச் சேர்ப்பித்தலும் அவசியம். இதனை நடத்துவதற்குக் கிராம அலுவலரினும் தக்கவர் இல்லை. ஊரிலுள்ள கிணறுகளையும் அவற்றின் சொந்தக்காரரையும் அறிந்தவர் அவரே. வேலை அவ்வளவு பெரிதுமன்று.

இரண்டாவதாக, அனுமதி வழங்கும்போதே துப்புரவின் செலவும் கவனிக்கப்படல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், குறித்த தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பெருமளவில் எண்ணெய் சேமிப்பவருக்கு அப்பத்திரம் வழங்கும்போது, வளவின் நாற்புறமும் பார்வைக் கிணறுகள் தோண்டுதல், தாங்கிக்குள் வந்த எண்ணெயையும் வெளியே சென்ற எண்ணெயையும் நாள்தோறும் ஒப்பிட்டு எழுதுதல், கசிவு நேரின் துப்புரவுக்கென ஒரு தொகையைப் பிணையாகக் கட்டுதல் என்னும் மூன்றையும் நிபந்தனையாக்குவதே நியாயம். இவ்வாறு செய்தாற் தொழில் நடவாது, மின்சாரமும் எரிபொருளும் விலையேறும் என்று சிலர் கூறுவர். விலை சிறிது ஏறலாம். ஆயினும் அச்செலவு இன்றும் ஒருவர் தலையில் விழத்தான் செய்கின்றது. நிறுவனத்தின் கணக்கிலன்றி, கிணறு இழந்த கமக்காரரின் கணக்கில் விழுகின்றது. எண்ணெயால் இலாபம் பெறுபவர் எண்ணெயின் கேட்டையும் தாங்குவதே முறை.

கமக்காரர் தம் பங்கையும் மறத்தலாகாது. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின்மேலேயே வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றும்போது சிந்துவதும், கழிவெண்ணெயை வேலியோரத்தில் ஊற்றுவதும் பல தோட்டங்களிற் காணும் வழக்கம். இயந்திரத்தின் கீழ் ஒரு தட்டமும், கழிவெண்ணெய்க்கு ஒரு மூடிய தகரமும் வைத்தால் இது நீங்கும். தன் கிணற்றிலே தானே எண்ணெய் சிந்துபவன், அயலான் எண்ணெய்க்காக முறையிடும்போது அவன் சொல்லுக்கு வலிமை குறையும். பரிசோதனையிலும் எவருடைய எண்ணெய் எது என்ற குழப்பம் மிகும்.

கிணறு கெட்டதென்று முறைப்பாடு வந்தால், கிராம அலுவலரும் பிரதேச சபையாரும் குடிநீர் வண்டிக்கு எழுதுவதோடு அமைந்துவிடாமல், எண்ணெய் சிந்திய வளவின் மண்ணை எவர், எந்நாளில், எவர் செலவில் எடுக்கப் போகின்றனர் என்பதையும் அதே கடிதத்திற் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு எழுத்தில் விடை வரும்வரை அம்முறைப்பாடு தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. குடாநாட்டு நிலத்தின் கீழுள்ள நன்னீர் ஒரு தலைமுறைக்கு மாத்திரம் உரியதன்று. மாரிதோறும் மழை அதனை நிரப்பித் தருகின்றது. மண்ணில் எண்ணெய் உள்ளவரையில், அம்மழையே எண்ணெயையும் நீருக்குக் கொண்டு சேர்க்கும்.